தலைமையாசிரியைக்குப் பதிலாக

எட்டாம் வகுப்பில் என் உயரமும் எங்கள் தலைமையாசிரியையின் உயரமும் ஒன்று. புதிய பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு இந்த ஒரு தகுதியால் வந்தது.

பாளையங்கோட்டையில் பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளி அது. நான் அங்கே சேர்ந்து ஒரு மாதத் தேர்வுதான் முடிந்திருந்தது. அதற்கு முன் ஆழ்வார்குறிச்சியில் இருந்தோம். அப்பா அங்கே உரக்கடை வைத்திருந்தார், இப்போதும் வைத்திருக்கிறார். கோடை விடுமுறையில் ஒரு நாள் அம்மா இரண்டு பெட்டிகளோடும் என்னோடும் பஸ் ஏறி, வண்ணார்பேட்டையில் மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றாள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

அம்மா தன் பெட்டியைப் பிரித்துச் சேலைகளைக் கொடியில் போட்டாள். என் பெட்டியை நான் பிரிக்க விடவில்லை. அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தினமும் காலையில் அதை இழுத்து, சீருடையை எடுத்துக்கொண்டு, மூடி, மறுபடி உள்ளே தள்ளுவேன். துவைத்த துணியும் மடித்து அதற்குள்ளேயே போகும். கிளம்பு என்று யாராவது சொன்னால் தாமதம் ஆகக்கூடாது.

மாமா கல்யாண வீடியோ எடுப்பவர். கீழே ஸ்டூடியோ, மாடியில் வீடு. முகூர்த்த நாள்களில் வீட்டில் இருக்க மாட்டார். மற்ற நாள்களில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு மாப்பிள்ளை யாரோ ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டுவதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். திருமணம் ஆகாதவர். என்னிடம் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: “சாப்ட்டியாட்டி?” நான் தலையை ஆட்டுவேன். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

அந்த வருடம் பள்ளிகளுக்கு இடையே ஓர் ஆவணப்படப் போட்டி அறிவித்திருந்தார்கள். மாணவர்கள் தங்கள் பள்ளியைப் பற்றித் தாங்களே எடுத்த குறும்படத்தை அனுப்ப வேண்டும். சமூக அறிவியல் டீச்சர் பொறுப்பேற்றார். தலைமையாசிரியை அந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். புன்னக்காயலிலிருந்து சின்னப் பிள்ளையாக விடுதிக்கு வந்து, இதே பள்ளியில் படித்து, இங்கேயே தலைமையாசிரியை ஆனவர். படம் அவரைப் பற்றித்தான் என்பது உடனே முடிவாயிற்று. கேமராதான் இல்லை.

“டீச்சர், இவ மாமா வீடியோ எடுக்காங்க. எங்க அக்கா கல்யாணத்துக்கு அவங்கதான்” என்று முன் வரிசையிலிருந்து ஷீபா கையைக் காட்டினாள். என்னைப் பற்றி அந்த வகுப்பில் யாரோ பேசியது அதுதான் முதல் முறை. ஷீபாவுக்கு நான் யார் வீட்டுப் பிள்ளை என்று இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாமா மறுக்கவில்லை. கல்யாணம் இல்லாத ஆடி மாதம். ஸ்கூட்டரில் கேமராப் பையோடு வந்து இறங்கியவர், நேராக டீச்சரிடம், “மேடை எங்கன டீச்சர்?” என்றார்.

“மேடையெல்லாம் கிடையாது அண்ணாச்சி. இது ஆவணப்படம். உள்ளது உள்ளபடி எடுக்கணும்.”

“எடுத்துருவோம். ஆனா ஒரு மூஞ்சி விட்டுப்போகக் கூடாது, பாத்துக்கிடுங்க. ஒரு சித்தப்பா விட்டுப்போனார்னு மூணு வருசமா ஒரு வீட்ல எங்கூடப் பேச மாட்டேங்காங்க.”

டீச்சர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அவருக்கு அது தொழில் விதி.

கரும்பலகையில் காட்சிகளை எழுதினோம்: காலை வழிபாடு, மணி, நூலகம், விடுதி, மதியச் சாப்பாடு, தலைமையாசிரியையின் பேட்டி. ஷீபா கேள்வி கேட்பவள். முத்துலெட்சுமி கேமரா. பரீட்சை அட்டையில் வெள்ளைத் தாள் ஒட்டி, காட்சி எண் எழுதிக் காட்ட ஒருத்தி. செய்தி எப்படியோ பள்ளி முழுக்கப் பரவி, நூலகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வராந்தாவில் எப்போதும் படுத்திருக்கும் நாயைக் காவலாளி மூங்கில் கம்போடு கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். பள்ளிக்கூடத்தை உள்ளபடி காட்டுவதற்காக அதை ஒரு வாரமாக மாற்றிக்கொண்டிருந்தோம். இதில் எனக்கு எந்த வேலையும் ஒதுக்கப்படவில்லை. மாமாவின் வயர்ச் சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் நாளே மாமா முத்துலெட்சுமிக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறது. கேமராவின் முன்னால் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு. “இது எரிஞ்சாத்தான் படம் ஓடுது. எரியலைன்னா, நீ எவ்வளவு அழகா சிரிச்சாலும் வெறும் காத்துதான்.” எல்லாரும் அந்தப் பொட்டையே பார்த்தோம். என்னிடம் ஒன்றைக் கவனிக்கச் சொன்னால் நான் அதை விட மாட்டேன். அன்றிலிருந்து கேமரா எங்கே இருந்தாலும் முதலில் அந்தப் பொட்டைத்தான் பார்ப்பேன்.

பேட்டிக்கு முந்தைய வாரம், வெளிச்சத்தையும் ஒலியையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. “அதுக்கு ஹெச்.எம். அம்மாவை உக்கார வைக்க முடியாது. அவங்க உயரத்துக்கு ஒரு பிள்ள வேணும்” என்றார் மாமா. தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின.

பேட்டியன்று தலைமையாசிரியை அரக்கு நிறப் பட்டுச் சேலை கட்டுவதாகச் சொல்லியிருந்தார். நிறம் பார்க்க டீச்சர் தன் அரக்குச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து, என் சீருடைக்கு மேலேயே சுற்றிவிட்டார். நூலகத்தில் பெரிய நாற்காலி. காலர் மைக். ஒருத்தி தெர்மாகோல் அட்டையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தை என் முகத்துக்குத் திருப்பினாள். சத்தம் கேட்காமலிருக்க ஃபேனை நிறுத்தினார்கள்.

“சும்மா உக்காந்தா பத்தாது. பேசணும். அப்பத்தான் மைக் பாக்க முடியும்” என்றார் மாமா.

“என்ன பேச?”

“அவ கேக்கதுக்குப் பதில் சொல்லு.”

ஷீபா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். “இந்தப் பள்ளிக்கு நீங்கள் முதன்முதலாக வந்த நாள் நினைவிருக்கிறதா, அம்மா?”

அம்மா என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலைமையாசிரியையின் முதல் நாள் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த முதல் நாள் ஒன்றுதான்.

“இருக்கு. எல்லா பெஞ்சுலயும் ஆள் இருந்துச்சு. கடைசி பெஞ்சுல பை வச்சிருந்தாங்க. பையை எடுக்கச் சொல்லலாமா கூடாதான்னு தெரியாம மணி அடிக்க வரைக்கும் நின்னேன்.”

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மாமா கேமராவுக்குப் பின்னாலிருந்து, “லைட் சரியில்ல. அடுத்த கேள்வி கேளு” என்றார்.

“மதிய உணவை யாரோடு சேர்ந்து சாப்பிடுவீர்கள்?”

“குழாய் பக்கத்துல நின்னு சாப்பிடுதேன். உக்காந்தா தனியா இருக்கது தெரியும். நின்னா, யாருக்கோ காத்துட்டு நிக்க மாதிரி இருக்கும்.”

ஷீபா கேள்வித்தாளைப் பார்த்தாள். “லைட் சரியில்ல. அதே கேள்வியைக் கேளு” என்றார் மாமா. அவள் மறுபடியும் கேட்டாள். முதல் பதில் குட்டையாக இருந்ததுதான் தப்பு போலும் என்று நினைத்து, இந்த முறை விவரமாகச் சொன்னேன்: எந்தக் குழாய், எந்தப் பக்கம் வெயில், மணிக்கு எவ்வளவு முன்னால் டப்பாவைக் கழுவ ஆரம்பிப்பேன், மெதுவாகக் கழுவினால் நேரம் எப்படிப் போகும்.

“வீட்டு ஞாபகம் வந்ததா?”

“பெட்டியை இன்னும் பிரிக்கல. பிரிச்சிட்டா போக மாட்டோம்.”

இதற்கு மாமா வெளிச்சத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கண்ணை கேமராவிலிருந்து எடுக்காமல் நின்றார். அதுவரை ஷீபாவையே பார்த்திருந்தவள் அப்போதுதான் கேமராவைப் பார்த்தேன், பொட்டு எரிந்துகொண்டிருந்தது. ஒத்திகைக்கு எதற்கு வீணாகப் பதிவு செய்கிறார் என்று தோன்றியது. கிளம்பும்போது தெர்மாகோல் பிடித்த பிள்ளையிடம், “ஏளா, அருமையா பிடிச்ச, கை வலிச்சிருக்கும்லா” என்றார். வெளிச்சத்தில் குறை இல்லையென்றால், குறை என்னிடம்தான் இருந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கடையில் பால் வாங்கித் திரும்பியபோது, ஸ்டூடியோவின் கண்ணாடிக் கதவு வழியே அம்மாவைப் பார்த்தேன். அம்மா கீழே ஸ்டூடியோவுக்கு வருவதே இல்லை. மாமாவின் நாற்காலியில், மாமாவின் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, திரைக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தாள். மாமா சுவரோரம் நின்றார். அம்மாவின் தலை மறைத்ததில், திரையில் அரக்கு நிறத்தில் ஒரு சேலை மட்டும் தெரிந்தது. யாரோ கல்யாணப் பெண். கல்யாண வீடியோ பார்க்க அம்மாவுக்கு இப்போது எப்படித்தான் மனம் வருகிறதோ என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா தன் பழைய கேசட்டுகள் இருந்த அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து துடைத்தார். அம்மா என் பெட்டியை வெளியே இழுத்தாள்.

“ஏளா, இங்கன உக்காரு. நாம இனிமே இங்கதான் இருக்கப் போறோம். உன்னட்ட முன்னமே சொல்லிருக்கணும்.”

“அப்பா?”

“லீவுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போவாங்க. நான் பேசிட்டேன்.”

என் துணிகளை ஒவ்வொன்றாக அவள் தட்டில் அடுக்கினாள். காலிப் பெட்டியை மாமா பரண்மேல் தூக்கி வைத்தார். இத்தனை நாள் சும்மா இருந்தவர்களுக்கு இப்போது என்ன அவசரம் என்று எனக்குப் புரியவில்லை. சில நாள் அம்மாவோடு பேசவில்லை. அவள் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினேன்.

பேட்டி நன்றாக நடந்தது. தலைமையாசிரியை நான் உட்கார்ந்த அதே நாற்காலியில், என் உயரத்திலேயே உட்கார்ந்தார். முதல் நாளே எல்லாரும் தன்னைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள், வீட்டு ஞாபகமே வரவில்லை என்றார். நடுவில் மேகம் மூடி நூலகம் இருண்டது. எனக்கே தெரிந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் ஒரே முறையில் முடிந்தது. பெரியவர்களுக்குப் பேசத் தெரிகிறது என்று நினைத்தேன்.

மீதியிருந்தது மதியச் சாப்பாடு. வேப்பமரத்தடியில் மாமா பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தார். கேமராவைத் தானே எடுத்துக்கொண்டு, “நீயும் உக்காருளா, இன்னைக்கு நான் காட்டித்தாரேன்” என்று முத்துலெட்சுமியையும் வரிசைக்கு அனுப்பினார். கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை உயர்த்தினார்.

“நடுவுல எடம் காலியா கெடக்கே. பந்தியில ஒரு எலை காலியா இருந்தா, பல்லு போன வாய் மாதிரில்லா இருக்கும்.” சுற்றிப் பார்த்தார். “ஏட்டி, குழாய்ப் பக்கம் நிக்கவ, டப்பாவைத் தூக்கிட்டு இங்க வா.”

யாரோ தெரியாத பிள்ளையைக் கூப்பிடுவதுபோல அவர் கூப்பிட்டது எனக்குச் சுருக்கென்றது. போய் ஷீபாவுக்கும் முத்துலெட்சுமிக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

“ஒட்டி உக்காருளா, இல்லேன்னா ஃப்ரேம்ல எடம் தெரியும்” என்றாள் ஷீபா. அதற்குள் அவளும் தொழில்காரியாகியிருந்தாள்.

“ஏ, உளுந்தஞ்சோறு!” என்று முத்துலெட்சுமி என் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். “எள்ளுத் துவையல் கொஞ்சம் தா. ஏட்டி ஷீபா, இவ வீட்டுத் துவையலைப் பாரேன்.”

“கேமரா பாக்குது, வாயைத் தொடச்சிட்டுத் தின்னு.”

அவர்கள் என்னைத் தாண்டி ஒருவரோடொருவர் பேசினார்கள். நான் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேமராவைப் பார்த்தேன். பொட்டு எரியவில்லை.

மாமா டப்பா டப்பாவாக, முகம் முகமாக, கேமராவைப் பையப் பைய நகர்த்திக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் வந்ததும் குனிந்து, “மாமா, பொட்டு எரியல” என்றேன்.

“தெரியும். நீ சாப்பிடு.”

மறுநாளும் வந்தார். நேற்று சரியாக வரவில்லை என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, அதே வரிசையில், அதே இடங்களில் உட்கார வைத்தார். அன்றும் பொட்டு எரியவில்லை. அதற்கு மறுநாளும் வந்தார். அதன் பிறகு வரவில்லை. ஆனால் மணி அடித்ததும் ஷீபா மரத்தடிக்குப் போய், தன் பக்கத்தில் பையை வைக்காமல் உட்கார்ந்தாள். முத்துலெட்சுமி துவையல் இருக்கிறதா என்று கேட்டாள். எழுந்து போ என்று யாரும் சொல்லாததால் நானும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து வந்தேன்.

படத்தைப் பள்ளியின் பெரிய அறையில் போட்டுக் காட்டினார்கள். வழிபாடு இருந்தது, மணி இருந்தது, சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் தலைமையாசிரியை இருந்தார். மதியச் சாப்பாடு இல்லை. நான் எங்கேயும் இல்லை. “அண்ணாச்சி, அந்த சாப்பாட்டு சீன் என்னாச்சு?” என்று டீச்சர் கேட்டார். “சரியா விழல டீச்சர்” என்றார் மாமா.

ஒரு முகம்கூட விட்டுப்போகக் கூடாது என்பவர், மூன்று நாளும் பொத்தானை அழுத்த மறந்துவிட்டார். அவருக்காக எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஊரில் தெரிந்தால் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்களா? அதனால் பொட்டு எரியாததை ஷீபாவிடம்கூட நான் சொல்லவில்லை.