அடைக்கலம் அண்ணன் கழட்டக் கூடாது என்ற ஹோஸ்

அடைக்கலம் அண்ணன் நேற்று மதியம் போய்விட்டார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

புதுக்கோட்டையில் எங்கள் மோட்டார் ஷெட்டில் வண்டி விட்ட எல்லோருக்கும் அவரைத் தெரியும். என்னோடு ஆறு வருஷம் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது.

நான் மெட்ராஸில் மோட்டார் வேலை படித்து சர்டிபிகேட்டோடு வந்தவன். அதனால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"என்னங்க சர்டிபிகேட்... வண்டி என்னமோ சொல்லுது, ஒங்க காதுல விழுகலையா?"

காலையிலிருந்து அந்தக் குரல்தான்.

என் மனைவி வள்ளிக்கண்ணு இறந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். எப்படி என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனைத் தவிர.

பிரசவத்துக்கு மீமிசலில் அவள் ஆத்தா வீட்டில் இருந்தாள். நான் பார்க்கப் போயிருந்தபோது வலி எடுத்தது. குழந்தை திரும்பவில்லை, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். ஷெட் முதலாளியின் கார் என் கையில் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் நானே ரேடியேட்டரைக் கழுவி, தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸை மாற்றியிருந்தேன்.

ஆவுடையார்கோவில் தாண்டி ஒரு கண்மாய்க் கரை. ஒற்றைப் புளியமரம். அங்கே ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது.

பானெட்டைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. ஒழுகல் இல்லை. பெல்ட் சரி. ஹோஸ் உருண்டையாக, கெட்டியாக இருந்தது.

பின் சீட்டிலிருந்து கேட்டாள். "நீங்க பாத்த வண்டிதானங்க இது? நிக்காதுன்னீங்க..."

சிரிக்கத்தான் பார்த்தாள்.

சூடு தணிந்து, கண்மாய்த் தண்ணீரை ஊற்றி, மறுபடி கிளம்ப ஒரு மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒன்றுதான். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

குழந்தையும் இல்லை. அவளும் இல்லை.

அந்த ஒரு மணி நேரம் எதனால் போனது? அதற்கப்புறம் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

படித்ததை எல்லாம் செய்து பார்த்தேன். கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டரை அடைத்திருக்கும் என்று மூன்று தடவை கழற்றிக் கழுவினேன். பம்பைப் பிரித்துப் பார்த்தேன். ஊருக்குள் எவ்வளவு ஓட்டினாலும் வண்டி பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

முப்பதாம் நாள் காரியத்துக்கு மீமிசல் போனேன். இந்தமுறை புதுக்கோட்டையிலிருந்து... அதே புளியமரத்தடியில் கொதித்தது.

மீமிசலிலிருந்து அந்த மரம் கிட்டே. புதுக்கோட்டையிலிருந்து ரொம்பத் தூரம். இஞ்சினுக்குத் தூரம் தெரியும், இடம் எப்படித் தெரியும்?

அடுத்த தடவையும் அங்கேயே. காற்றே இல்லை, புளிய இலை ஒன்றுகூட ஆடவில்லை. நீராவி அடங்கியபின் பின் சீட்டு ஒரு தடவை கிரீச்சென்றது. ஆள் திரும்பி உட்கார்ந்த மாதிரி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன்.

"நீங்க ஓட்டுங்க. நான் பாக்குறேன்" என்றார். அவ்வளவுதான்.

பானெட்டின் ஒரு பக்கத்தைக் கழற்றி ஷெட்டிலேயே வைத்துவிட்டு, அந்த வயதில், முன் மட்கார்டில் குப்புறப் படுத்துக்கொண்டார். ஒரு கையால் ஹெட்லைட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இஞ்சினுக்குள் வைத்துக்கொண்டு.

அறந்தாங்கி டீக்கடையில் ஒருத்தர் கத்தினார். "யோவ் பெரிசு, உள்ள ஒக்காந்து போனா என்னய்யா?"

அண்ணன் தலையைத் தூக்காமலே, "உள்ள எடமில்லப்பா" என்றார்.

பின் சீட்டு காலியாகத்தான் இருந்தது...

புளியமரம் தெரிந்ததும் கையைத் தூக்கினார். நிறுத்தினேன். இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்துட்டேன். சாவியக் குடுத்துட்டு ரெண்டு நாள் வீட்டுல இருங்க தம்பி."

அன்றுதான் முதல்முறையாகத் தம்பி என்றார்.

"ஏண்ணே இதே எடத்துல நிக்கிது?"

மரத்தை ஒரு பார்வை பார்த்தார். "நான் வண்டியத்தான் பாத்தேன். எடத்தப் பத்தி எங்கிட்டக் கேக்காதீங்க."

ரெண்டு நாள் கழித்துப் போனேன். வண்டி தயார். என்ன கோளாறு என்று கேட்டதற்கு, "கீழ் ஹோஸு. சரி பண்ணிருக்கேன். நான் இருக்குற வரைக்கும் அத நீங்க கழட்டக் கூடாது" என்றார்.

அதன்பிறகு வண்டி ஒரு தடவைகூடக் கொதிக்கவில்லை. நானும் கழற்றவில்லை.

இன்று அவரை எடுத்துவிட்டு வந்து, குளித்துவிட்டு, ஷெட்டுக்குப் போய்க் கழற்றினேன்.

உள்ளே ஒரு ஸ்பிரிங். பித்தளைக் கம்பியை நிதானமாகச் சுற்றிச் செய்தது. ரப்பரைக் கிழிக்காமல் இருக்க இரண்டு முனையும் உள்பக்கம் மடக்கியிருந்தது. அவர் கை.

வண்டி வேகமாக, நெடுந்தூரம் ஓடும்போது பம்ப் கீழ் ஹோஸிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். சூட்டில் ரப்பர் இளகி, உள்ளே ஒட்டி, வழி அடைத்துக்கொள்ளும். நின்றதும் மறுபடி உருண்டையாகிவிடும். திறந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்படி ஒட்டாமல் தாங்கத்தான் உள்ளே ஸ்பிரிங்.

இந்த வண்டியிலும் இருந்தது. ஹோஸ் மாற்றிய அன்று துருப்பிடித்திருந்ததை எடுத்துத் தூரப் போட்டது நான். யுத்தத்தில் ரப்பரே கிடைக்காத நேரம். திருச்சியிலிருந்து புது ஹோஸ் கிடைத்த சந்தோஷத்தில், கெட்டியாகத்தானே இருக்கிறது, ஸ்பிரிங் எதற்கு என்று பூட்டிவிட்டேன்.

மட்கார்டில் படுத்துக்கொண்டு அவர் பார்த்தது இதைத்தான். பார்த்துவிட்டு, யாரால் என்று தெரிந்தும், இத்தனை நாளும்...

இப்போதும் அந்த மரத்துக்கிட்டே சூட்டு மீட்டரின் முள் ஒரு நூல் ஏறி இறங்குகிறது. போகும்போதும், வரும்போதும். அதை இனி யாரிடம் சொல்வது?

அண்ணே, ஸ்பிரிங்கை உள்ளே வைத்துத்தான் திரும்பப் பூட்டியிருக்கேன்.

போயிட்டு வாங்க.