புஷ்பா அக்காவின் இரண்டாவது பௌர்ணமி

வியட்நாமின் நடுக்கரையில் ஹோய் ஆன் என்றொரு பழைய துறைமுக ஊர் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை அங்கே மின்விளக்குகளைக் குறைத்து, தெருவெல்லாம் காகித விளக்கு கொளுத்துகிறார்கள். ஆற்றில் சின்னச் சின்னத் தீபங்களை மிதக்க விடுகிறார்கள். சென்ற மாதம் அந்த ஆற்றங்கரையில் நாங்கள் பன்னிரண்டு பேர் நின்றோம். எல்லோரும் சுவிஸிலிருந்து போன தமிழர்கள்.

"இன்றைக்கு நிலாக் கணக்கில் பதினாலாம் நாள். அதனால்தான் இந்த விளக்குகள்" என்றார் எங்கள் வழிகாட்டி லான். ஜெர்மனியில் படித்த பெண், எங்களைவிடச் சுத்தமாக ஜெர்மன் பேசுவார். "நாளைக்குப் பௌர்ணமி."

எல்லோரும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் குப்பென்று வியர்த்தது.

பௌர்ணமியா? மே மாதத்திலா? சித்திரை இன்னும் முடியவில்லையே... அப்படியென்றால்?

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். சந்தேகமே இல்லை — நாளைக்குத்தான் சித்திராப் பௌர்ணமி!

இதில் வியர்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பயணத்துக்கு நாள் குறிக்க, ஜனவரியில் ரவி அண்ணையின் கடைக்குப் பின்னறையில் கூடியிருந்தோம். சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸ பக்கம் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் ரவி அண்ணை. ஆளாளுக்கு ஏதேதோ கேட்டார்கள் — குளிரூட்டி வாகனமா, காலைச் சாப்பாடு உண்டா, பெட்டி எத்தனை கிலோ. புஷ்பா அக்கா மட்டும் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இந்த வருஷம் சித்திரைப் பறுவம் எப்ப வருது?"

பௌர்ணமியைத்தான் எங்கள் ஊரில் பறுவம் என்போம். என்னிடம் ஏன் கேட்டார்? இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். நாள், கிழமை, திதி என்றால் நம்மவர் என்னிடம்தான் வருவார்கள். முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். பிறருடைய பிழைத் தேதிகளைத் திருத்தியே பலருடைய நட்பை இழந்தவன் நான்.

இந்த வருடத்துப் பஞ்சாங்கக் கலண்டர் அதுவரை கடைக்கு வந்து சேரவில்லை. சுவரில் தொங்கியது சுவிஸ் கலண்டர். அதில் பௌர்ணமிக்குச் சின்ன வட்டம் போட்டிருப்பார்கள். ஏப்ரல் நடுவில் ஒரு வட்டம். போதாதா?

"ஏப்ரலிலை அக்கா. நாங்கள் போக முதலே முடிஞ்சிடும். பயப்பிடாமல் டிக்கெட் போடுங்கோ."

அந்த வட்டம் சித்திரை பிறப்பதற்குச் சற்று முன்னால் விழுந்திருந்தது. அது பங்குனிப் பௌர்ணமி. பத்து வயதுப் பிள்ளை செய்யாத பிழை!

புஷ்பா அக்காவுக்கு அந்த நாள் ஏன் அவ்வளவு முக்கியம்? தாயை இழந்தவர்கள் தாய்க்காக விரதம் இருக்கும் நாள் அது. கோயிலில் தாயின் பேரில் மோட்ச அர்ச்சனை செய்து, நாலு பேருக்குச் சாப்பாடு போட்டு, பிறகு தானும் ஒரு நேரம் மரக்கறி உண்பார்கள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் அன்றைக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். புஷ்பா அக்காவின் அம்மா யாழ்ப்பாணத்தில் கண்மூடியபோது அக்கா இங்கே எஃப் பெர்மிட் என்ற தற்காலிக அனுமதியில் இருந்தார். நாட்டை விட்டு வெளியே போக முடியாது. முகம் பார்க்கவில்லை. அவர் அம்மாவுக்குச் செய்ய முடிந்தது இந்த ஒரு விரதம்தான். முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறைகூடத் தவறவில்லை.

இந்த வருடம் என் பேச்சை நம்பி, சூக் நகரில் அவர் வேலை செய்யும் ரெஸ்டாரண்டில் ஷெஃபிடம் கெஞ்சி, ஆள் நெரியும் சனிக்கிழமையில் அரைநாள் லீவு எடுத்து, கோயிலுக்குப் போக நேரமில்லாமல் ஏப்ரலில் வீட்டிலேயே விரதம் இருந்து முடித்துவிட்டார்.

ஆற்றங்கரையில் நின்று யோசித்தேன். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அக்கா நிம்மதியாக இருக்கிறார். பேசாமல் இருந்தால் என் மானமும் தப்பும், பயணமும் நடக்கும். மறுநாள் நிகழ்ச்சி நிரலில் என்ன? கடற்கரையில் நண்டும் கணவாயும்!

வாயை மூடிக்கொண்டு அறைக்குப் போனேன். நாட்குறிப்பைத் திறந்தேன். நாளின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. பொய்த் தேதியை நான் இதுவரை எழுதியதில்லை...

காலையில் ஹோட்டல் சாப்பாட்டு மண்டபம். புஷ்பா அக்கா ஒரு தட்டில் ஆம்லெட், இரண்டு இறால் சுருள், பக்கத்தில் டின்பால் விட்ட வியட்நாம் கோப்பி சகிதம் உட்கார்ந்தார். முள்ளுக்கரண்டி மேலே போனது.

"அக்கா, சாப்பிடாதேங்கோ!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அக்கா கரண்டியை மெதுவாக வைத்தார். தட்டையும் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்:

"அப்ப... ஏப்ரலிலை நான் ஆருக்குத் தம்பி விரதம் பிடிச்சனான்?"



ரவி அண்ணை விட்டாரா? "ஐசே, சித்திரைப் பறுவம் எண்டால் சித்திரகுப்தன்ரை நாள். எங்கடை பாவ புண்ணியம் எழுதுற மனுசன்! அந்தாள்ரை நாளையே பிழையா எழுதின முதல் ஆள் நீர்தான். உமக்கு அங்கை தனிக் கொப்பி போட்டிருப்பான்."

"பகிடி விடாதேங்கோ அண்ணை" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது. "இந்த ஊரிலை கீரைக்கும் மீன் சோஸ் விடுறாங்கள். நான் எங்கை சாப்பிடுறது? கோயிலுக்கு எங்கை போறது? முப்பத்தொரு வருஷம்..."

அப்போதுதான் லான் வந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். பாதி ஜெர்மனிலும் பாதி வெட்கத்திலும் விளக்கினேன். லான் சிரித்தார். எனக்குக் கோபமே வந்தது.

"இன்றைக்கா சைவச் சாப்பாடு கிடைக்காது என்கிறீர்கள்? அமாவாசையை ஒட்டி வரும் முதலாம் நாள், பௌர்ணமியான பதினைந்தாம் நாள் — மாதத்தில் இந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் மீன் இல்லை, இறைச்சி இல்லை. அதிலும் இன்று புத்தர் பிறந்த பௌர்ணமி. என் அம்மாவும் இன்றைக்கு விரதம்தான். வாருங்கள்!"

நண்டு ரத்தானது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ரவி அண்ணை மட்டும் ஒரு பெருமூச்சு விட்டார்.

வாகனம் டா நாங் பக்கம் கடலோரமாகப் போனது. வலப்பக்கம் முழுக்கக் கடல். மூங்கிலில் பின்னிய வட்டக் கூடைகளில் மீனவர்கள் துடுப்பு வலித்துக் கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். கூடையா, படகா? இரண்டும்தான். மலை முனையில் வெள்ளை வெளேரென்று ஒரு பெண் தெய்வம் கடலைப் பார்த்தபடி நிற்கிறாள். கடலுக்குப் போனவர்களைக் காப்பவளாம். சிலையின் காலடியில் நின்று புஷ்பா அக்கா கைகூப்பினார். "அம்மன்தானே" என்றார், யாரிடமும் கேட்காமல்.

மலையடியில், மீனவர் வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன பௌத்த விகாரை. லானின் அம்மா வழமையாகப் போகும் இடம். வாசலில் பெண் துறவியான ஒரு பிக்குணி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் தாளில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி வாங்கி, பூசையில் வாசிப்பார்கள் என்றார் லான்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். மோட்ச அர்ச்சனை!

"நாகம்மா" என்றார் அக்கா. லான் அதைத் தங்கள் எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

மணி ஒலித்தது. வியட்நாமியப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நடுவிலே... "நா-கம்-மா." எங்கள் மொழியில் இல்லாத ஏற்ற இறக்கத்தோடு, பாட்டுப் போல. போக முடியாத மகளின் தாய்க்கு, யாரென்றே தெரியாத ஒரு பிக்குணி தென்சீனக் கடலோரத்தில் பெயர் சொல்லிப் பிரார்த்தித்தார். அக்கா அழவில்லை. நிமிர்ந்து நின்றார். அழுதது ரவி அண்ணை. வெயில் கண்ணில் பட்டதாம் — நாங்கள் நின்றது நிழலில்!

இதற்கு மேல் என்ன வேண்டும்? இருந்தது. பின்கட்டுச் சமையலறையில் பெரிய அண்டா. அண்டாவில் பச்சைப்பயறும் காளானும் போட்டு அரிசி குழையக் கொதித்துக்கொண்டிருந்தது...

"கஞ்சியடா!" என்று கத்தினேன்.

முன்னால் நீண்ட வரிசை. பரிமாற இரண்டே பேர். புஷ்பா அக்கா சேலைத் தலைப்பைச் சொருகினார். சூக்கில் மதிய நேரத்து நெரிசலைத் தனியாளாகச் சமாளிப்பவர் அல்லவா? அகப்பையை வாங்கினார். மீனவர்கள், பள்ளிப் பிள்ளைகள், லானின் அம்மா, கடைசியில் நாங்கள் பதினொரு பேர் — எல்லோருக்கும் அவர் கைக் கஞ்சி. நாலு பேருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்றுதான் விதி. அன்றைக்கு நூறு பேருக்குக் குறையாது.

ரவி அண்ணை மூன்று கோப்பை குடித்தார். நண்டைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

எல்லோருக்கும் கொடுத்து முடித்து, தன் கோப்பையோடு அக்கா என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"தம்பி, சூரிச்சிலை நிண்டிருந்தால் இப்பிடி ஒரு பறுவம் எனக்குக் கிடைச்சிருக்காது."

"அப்ப அந்த ஏப்ரல் விரதம்?"

கொஞ்சம் யோசித்தார். "அதை இவர்ரை அம்மாவுக்கு, என்ரை மாமிக்கு எண்டு வைப்பம். உயிரோடை இருக்கேக்கை அவவுக்கு நான் ஒண்டும் செய்யேல்லை."

இதை எழுதுகிற நான் பிறர் பிழைகளைத் திருத்தி எத்தனையோ பேரைத் தலைகுனிய வைத்தவன். என் பிழையை நானே சொன்ன ஒரே நாளில்தான் இவ்வளவு பெரிய வெற்றி கிடைத்தது. நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் தேதியைப் பெரிதாக, அடிக்கோடிட்டு எழுதினேன்.

போன வாரம் டிராமில் புஷ்பா அக்காவைக் கண்டேன். ஏறியதும் அதே கேள்வி: "தம்பி, வாற வருஷம் சித்திரைப் பறுவம் எப்ப?"

"லானைக் கேட்டுச் சொல்றன் அக்கா."