விசாவில் உள்ள வேலை

ஷார்ஜாவில் எங்கள் கம்பெனி கிரிக்கெட் அணிக்கு வேகப்பந்து வீசவே ஒருவரை ஊரிலிருந்து எடுத்திருந்தார்கள். நெட்டையான ஆள். கையில் எப்போதும் ஓர் ஆரஞ்சு இருக்கும். தின்னமாட்டார், பந்துபோல் இரு விரல்களில் பிடித்து உருட்டிக்கொண்டிருப்பார்.

சீசன் முடிகிற நேரத்தில் வலது தோளில் தசை கிழிந்தது. கையை மடக்கிக் கழுத்தோடு தூக்குக்கட்டு போட்டுவிட்டார்கள்.

“சரியானா அடுத்த சீசன் பார்க்கலாம். அதுவரைக்கும் விசாவுல உள்ள வேலையைப் பாரு” என்றார் மேனேஜர்.

பந்துவீச்சாளர் என்னிடம் வந்து இடது கையால் தன் விசா நகலை நீட்டினார். “என்ன வேலைண்ணே போட்டிருக்கு?”

அரபியில் இருந்தது. என் விசாவில் உள்ள அதே சொல்.

“பிளம்பர்.”

“அதுக்கு எந்தக் கைண்ணே வேணும்?”

“ரெண்டும்.”

நகலைப் பையில் செருகிக்கொண்டார்.

“அப்ப இதை உரிச்சுக் குடுங்கண்ணே” என்று ஆரஞ்சை நீட்டினார்.

உரிக்க எனக்குத்தான் மனம் வரவில்லை.