இருபத்தொரு ஆள் இழுவை

வண்டியில் ஏறுமுன் ஷெம்வேட்டா செருப்பைக் கழற்றித் தரையில் வைத்துவிடுவார். வெறுங்காலில்தான் ஓட்டுவார். "எஞ்சின் பேசுறது காலுக்குத்தான்க்கா கேக்கும். காது பொய் சொல்லும்" என்பார். பாதி நாள் செருப்பு புறப்பட்ட இடத்திலேயே அநாதையாகக் கிடக்கும். நான்தான் எடுத்து வைப்பேன். என் தையல் கடைக்கு அடுத்த கொட்டகைதான் அவர் பட்டறை.

உசம்பாரா மலையில் எங்கள் ஊருக்கு அவர் ஒருவர்தான் ஃபுண்டி. மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். ஐம்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு. தீப்பெட்டிக்குள் திருகாணி போட்டு வைத்திருப்பார். சிகரெட் பற்றவைக்க மட்டும் என்னிடம் வந்து நிற்பார். யாராவது புகழ்ந்தால் மனுஷனுக்கு ஆகாது. "வேலை இல்லையா உனக்கு?" என்று எரிந்து விழுவார்.

பெண்கள் சங்கத்தின் பழைய லேண்ட் ரோவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஊரில் நோயாளிகளைக் கொண்டுபோக அது ஒன்றுதான். ஆஸ்பத்திரி மேட்டுக்கு அந்தப் பக்கம். மழைச் சேற்றில் வேறு எந்த வண்டியும் அந்த ஏற்றத்தில் ஏறாது. அதுவும் நான்கு மாதத்துக்கு முன் நின்றுபோனது. மூன்று செத்த எஞ்சின்களைப் பிரித்து இவர் ஒன்று கட்டினார். அந்த நான்கு மாதமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் மகள் சௌமுவுக்கு இது ஒன்பதாம் மாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். மழையோ இன்றோ நாளையோ என்றிருந்தது.

கட்டிய எஞ்சினை இரண்டு வாரம் வெறும் வண்டியாகச் சமதரையில் ஓட்டிப் பழக்கினார். அப்புறம்தான் பரீட்சை. "புத்தகத்துல குதிரைத்திறன்னு போட்டிருக்கான். நம்ம மலையில குதிரையை எவன் கண்டான்? ஆளை ஏத்து!" என்பது அவர் சட்டம். பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, இரண்டாவது கியரிலேயே மேட்டு வளைவைத் தாண்ட வேண்டும். முதல் கியருக்கு இறங்கினால் எஞ்சின் தோற்றது, மறுபடி பிரித்துவிடுவார்.

பன்னிரண்டு பேர் கேட்டது தப்பாகப் போயிற்று. இந்த வண்டியில் ஒருமுறை ஆஸ்பத்திரி போய்ப் பிழைத்தவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். கால் முறிந்த மசுடி, பாம்பு கடித்த கிழவர், வண்டிக்குள்ளேயே பிள்ளை பெற்ற ம்வனைஷா, கையில் அந்தப் பிள்ளை. என்னோடு சேர்த்து இருபத்தொரு பேர்.

"இறங்குங்க! கல்யாணத்துக்கா போறோம்? ஒன்பது பேர் இறங்குங்க!"

"எங்களைத் தூக்காம இது வேற யாரைத் தூக்கப் போகுது?" என்றாள் ம்வனைஷா. "உன் எஞ்சினை நீயே நம்பலியா அண்ணே?"

"நம்பிக்கையா ஏறும்? பிஸ்டன்தான் ஏறணும்!"

யாரும் அசையவில்லை. என்னைப் பார்த்தார். நானாவது இறங்குவேன் என்று நினைத்திருப்பார். மகளுக்காக நான் ஏறாமல் யார் ஏறுவது? கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மேடு ஏற ஏற எஞ்சினின் சத்தம் கட்டைக்குரலாக இறங்கியது. வளைவில் வண்டி ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்துவிட்டது. அவர் கை கியர் கம்பிக்குப் போயிற்று. ஐயோ, மாற்றிவிடாதே, கடவுளே, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இருபத்தொரு பேரும் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தோம், நாங்களே தள்ளுவது போல.

"சாயாதீங்க, முன்னாடி பாரம் கூடுது!" என்று கத்தினார். கத்திக்கொண்டே கியரிலிருந்து கையை எடுத்துவிட்டார். வண்டி முனகியது, ஒருமுறை குலுங்கியது, பிறகு இழுத்தது. இழுத்துக்கொண்டே போய் உச்சியில் நின்றது.

பெண்கள் குலவையிட்டார்கள். கிழவர் அழுதார். எனக்கு ஷெம்வேட்டாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "நல்லா இருப்பேப்பா" என்றேன்.

"தண்ணி சூடாயிருக்கா பார்க்கணும், நகருங்கக்கா" என்றார்.

எல்லாரையும் வைத்துக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கி வந்து என் கடை வாசலில் நிறுத்தினார். மேகம் கறுத்திருந்தது. உள்ளிருந்து சௌமு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவோம்க்கா. மழைக்கு முன்னாடி" என்றார்.

முன் இருக்கையில் உறை கிழிந்து சுருள்கம்பி எட்டிப் பார்த்தது. ஷெம்வேட்டா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி நான்காக மடித்து அதன்மேல் வைத்தார். வைத்த இடத்தில் தாமே ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வழிவிட்டார்.