தங்கை இருந்த நெகட்டிவ்

மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானதும், வீட்டுக்கு வெள்ளையடித்தே ஆக வேண்டும் என்று என் மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். வெள்ளையடிக்க வேண்டுமென்றால் பரணைக் காலி செய்ய வேண்டும். அது என் தலையில்தான் விழும் என்பது எனக்கு முன்பே தெரியும். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்தவன், ஒரு வாய் டீ கூடக் குடிக்காமல் ஸ்டூல் மேல் ஏறினேன். யாரோ யாருக்கோ மொய் வைத்த எவர்சில்வர் குடங்கள், ஓடாத டேபிள் ஃபேன், எதற்கென்றே தெரியாத கம்பிகள். திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக இறக்கும்போது ஒரு பிஸ்கட் டப்பா கையில் தட்டுப்பட்டது. மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது.

டப்பா அடையாளம் தெரிந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. என் தங்கை படமாக மிச்சமிருந்தது அந்த டப்பாவுக்குள் மட்டும்தான்.

என்னைவிட நான்கு வயது சின்னவள். இருபது வயதில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டாள். கல்யாணம் ஆகவில்லை. எளாவூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, அதற்குப் போய்வர ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கியிருந்தோம். கூட வேலை பார்த்தவரிடம் நான் ஒரு கேமரா வாங்கி வைத்திருந்த காலம் அது. ரோல் முடிந்தால்தான் கழுவ முடியும் என்பதால் ஒரு ரோலிலேயே பொங்கலும் ஆடி மாதக் கூழும் அடுத்த பொங்கலும் இருக்கும். அந்த ரோலில் ஒரே ஒரு படம் அவளுடையது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "சீக்கிரம் எடுண்ணா, வெயிலு கண்ணு கூசுது" என்று கத்திக்கொண்டே நின்றாள். பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோவை நாங்கள் வாங்கவில்லை. ஆகவே அவள் இருந்த போட்டோ அது ஒன்றுதான்.

அந்தப் போட்டோவையும் மண்ணுக்குள் அனுப்பிவிட்டோம்.

அவள் போன மூன்றாம் வருடம் நைனா போனார். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம் என்பதால் எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மகள் போன பிறகு அவர் சரியாகச் சாப்பிட்டதே இல்லை. அவரை எடுக்கும் நேரத்தில் தாய்மாமன், சுவரில் மாட்டியிருந்த அவள் போட்டோவை ஃபிரேமிலிருந்து கழற்றினார்.

"பொண்ணு மேல உசுரையே வெச்சிக்கினு இருந்தாரு. தனியாவா அனுப்புவீங்க? பாக்கெட்ல வைய்டா."

"ஒரே போட்டோதான் மாமா இருக்குது" என்று நான் இழுத்தேன்.

"நெகட்டிவ் இருக்குது இல்ல? அப்பறமா கழுவிக்கலாம்."

ஆமாம், நெகட்டிவ் இருக்கிறதே என்று கூடியிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நெகட்டிவ் என்று ஒன்று இருந்துவிட்டால் எதுவும் போகாது என்ற நம்பிக்கை அன்றைக்கு எல்லோருக்கும் இருந்தது, எனக்கும்தான். நைனாவின் வெள்ளைச் சட்டைப் பையில் அவள் பாதி வெளியே தெரிய வைத்தோம்.

அதற்குப் பிறகு போட்டோவைக் கழுவலாமா என்று நான் கேட்டபோதெல்லாம் அம்மா வேண்டாம் என்றாள். பார்த்தால் தாங்க மாட்டேன் என்றாள். பிறகு கேட்பதை நானும் விட்டுவிட்டேன். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்த பெருமழை வருடத்தில் நெகட்டிவ் இருந்த அந்த டப்பாவும் நனைந்திருக்க வேண்டும். அதைத் துடைத்துப் பரணில் ஏற்றியது யாரென்று தெரியவில்லை. திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது கதை வேறு. அம்மாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம். ஓரமெல்லாம் இருண்டுபோய், நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் தெரிகிறது என்பாள். போனது திரும்பாது, இருப்பதும் சுருங்கிக்கொண்டே வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த நேரத்தில்தான் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். வீட்டில் நல்ல காரியம் என்றால் முதல் புடவை அவளுக்குத்தான். கலசம் வைத்து, புடவை சாத்தி, படையல் போட்டு, அவளிடம் சொல்லிவிட்டுத்தான் பந்தக்கால் நடுவது. அதற்குப் போட்டோ தேவையே இல்லை. ஆனால் டப்பா கிடைத்தது என்று கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொடவ சாத்தி கும்புடசொல்லோ அவ மூஞ்சி ஞாபகத்துக்கு வரணும்டா. வரமாட்டேங்குது. எவ்ளோ யோசிச்சாலும் வரமாட்டேங்குது. கண்ணு இருக்கசொல்லோ ஒரு வாட்டி காட்டிடு."

பெற்ற மகளின் முகம் மறந்துபோய்விட்டது என்று சொன்னவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. "காட்டறேம்மா" என்றேன்.

சுத்தியலால் தட்டித்தான் டப்பா திறந்தது. நெகட்டிவ் பட்டைகள் உறையோடு ஒட்டிப்போயிருந்தன. ஒன்று மட்டும் முழுசாக வந்தது. டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். சைக்கிள் தெரிந்தது, புடவை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை மாதிரி, வேர் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். அழுக்குத்தானே, துடைத்தால் போய்விடும் என்று அம்மாவிடமும் சொன்னேன். நல்லவேளை, நானாகத் துடைக்கவில்லை.

எங்கள் ஊர் ஸ்டூடியோவில் நெகட்டிவ் என்றதுமே சிரித்தார்கள். திருவள்ளூரில் கோர்ட்டுப் பக்கம் ஒருவர் செய்வார் என்றார்கள். திருவள்ளூர் எங்களுக்கு மாவட்டத் தலைநகரம். பெயருக்குத்தான். ரயிலில் போனால் மெட்ராஸ் வரை போய்த் திரும்ப வேண்டும், பஸ்ஸில் போனால் பெரியபாளையம் சுற்றி எலும்பு கழன்றுவிடும். இந்த ஊரைத் தலைநகரமாக்கிய மகராசன் யாரோ, அவன் ஒருநாளும் கும்மிடிப்பூண்டியிலிருந்து பஸ் ஏறியிருக்க மாட்டான். நெகட்டிவை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

ஸ்டூடியோக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். முடிக்கு மை அடித்திருந்தார். பாஸ்போர்ட் சைசுக்கு நின்ற இரண்டு பேரை அனுப்பிவிட்டு, நெகட்டிவை ஒரு விளக்குப் பலகைமேல் வைத்து, மேலிருந்து கேமராவில் படம் பிடித்தார். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினார். கறுப்பு வெள்ளையாகி, வெள்ளை கறுப்பாகி, எங்கள் பழைய வாசல் திரையில் வந்து நின்றது. எங்கள் பச்சைக் கதவு. அவளுடைய ரோஸ் கலர் புடவை. சைக்கிள். கழுத்துக்குக் கீழே நேற்று எடுத்ததுபோல் இருந்தது. கழுத்துக்கு மேலே ஒரு வெளுத்த திட்டு.

"தொடச்சி எடுத்துடலாம் இல்ல?" என்றேன்.

"சார், இது அழுக்கு இல்ல. பூஞ்சக்காளான். படம் இருக்கிற மேல்தோலையே தின்னுட்சி. தொடச்சா அங்க இன்னா இருக்கும்? வெறும் பிளாஸ்டிக்குதான்."

"கொஞ்சம் கூட கிடைக்காதா?"

"இல்லாதத எங்கேர்ந்து சார் எடுக்கறது?" என்றவர் அதே மூச்சில், "ஆனா நீங்க கவலையே படாதீங்க. கம்ப்யூட்டரு ரொப்பிக் குட்த்துடும்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மழை மேலா, மாமன் மேலா, இல்லை என்றும் உண்டு என்றும் ஒரே வாயால் சொல்லும் இந்த மனிதர் மேலா?

அவர் ரொப்பினார். திட்டு இருந்த இடத்தில் ஒரு டிவி சீரியல் மருமகள் வந்து சிரித்தாள். ரோஜா உதடு, வில் புருவம். எங்கள் வாசலில், எங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. நான் எழுந்தே விட்டேன். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அவுங்க ஜாடைல வீட்ல யார்னா இருக்காங்களா? போட்டோ குடுங்க, கரெக்டா வரும்."

இருக்கிறாள். என் மகள். பிறந்ததிலிருந்தே அத்தையை உரித்து வைத்திருக்கிறாள் என்று சொல்லாத ஆளில்லை. அத்தையைப் பார்த்தே இராதவர்கள்கூடச் சொல்வார்கள். வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வெறுங்கையோடு போய் அம்மாவிடம் என்ன சொல்வது? போனில் நிச்சயதார்த்தப் படம் ஒன்றைத் தேடிக் கொடுத்தேன்.

இந்த முறை வந்தவளைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. தங்கை மாதிரி இருந்தாள். இல்லாமலும் இருந்தாள்.

"கலரு ஜாஸ்தி. அவ மாநிறம்" என்றேன். குறைத்தார். "இப்ப?"

"இவ்ளோ சிரிக்க மாட்டா. வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கினு நிப்பா." சுருக்கினார். "இப்ப?"

"கன்னம் இன்னும் கொஞ்சம்..." இழுத்தார். "இப்ப?"

அம்மாவின் கண்ணாஸ்பத்திரியில் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு இப்படித்தான் கேட்பார்கள். அம்மா கொஞ்ச நேரத்தில் குழம்பிப்போய் எதற்கும் தலையாட்டுவாள். அன்றைக்கு நானும் அப்படித்தான் ஆனேன். உட்கார்ந்தபோது எனக்கு அவள் முகம் நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு "இப்ப?"வுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது. கடைசியில் எது அவள், எது திரை என்றே பிரிக்க முடியவில்லை. போதும் என்று சொல்லி பிரிண்ட் போடச் சொன்னேன். திரும்பி வரும் வழியெல்லாம் கவரைத் திறந்து திறந்து பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணா சார்?" என்றார். கவரை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "அப்டியே நம்ம பொண்ணாட்டம் இருக்காங்க இல்ல?" என்று என் மனைவி பூரித்துப் போனாள். மகள் போனில் படம் பிடித்து, வேப்பம்பட்டில் இருக்கும் மாப்பிள்ளைக்கு அனுப்பினாள். அவர் நிறைய ஹார்ட்டின் போட்டு அனுப்பினார். படையலுக்கு ஃபிரேம் போட்டுவிடலாம் என்று மனைவி சொன்னாள்.

அம்மா வாசற்படி வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்தாள். படத்தை மூக்குக்கு நேராகப் பிடித்தாள். அவளால் ஒரே பார்வையில் முழுப் படத்தையும் பார்க்க முடியாது. துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் முகத்துக்குத்தான் போனாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது நம்ம பாப்பாடா" என்றாள். பாப்பா என்பது என் மகள்.

"அவளும் பாப்பா மாதிரிதானேம்மா இருப்பா?"

"இருப்பா. ஆனா இது அவ இல்ல."

அம்மா படத்தை மெல்ல மெல்ல மேலே தூக்கிக்கொண்டே போனாள். கதவு, புடவை, சைக்கிள் பெல். சட்டென்று நின்றாள்.

"இது அவ" என்றாள்.

குனிந்து பார்த்தேன். ஹாண்டில்பாரைப் பிடித்திருந்த கை. மற்ற விரல்கள் மடங்கியிருந்தன, சுண்டு விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

"சின்னதுல ஆட்டுக்கல்லுல மாட்டிக்கினா. அதுலேர்ந்து அந்த வெரலு மடங்காது. தண்ணி சொம்பு புடிச்சாலும் அது தனியா நிக்கும். இன்னாடி ராணியாட்டம்னு நைனா கேலி பண்ணுவாரு." அம்மா படத்தில் அந்த விரலைத் தடவினாள். "அவளேதான். என் கொயந்த கை."

பிறகு கட்டைவிரலால் அந்த முகத்தை அழுத்தி மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பாள், மறுபடி பார்ப்பாள். கட்டைவிரலை மட்டும் எடுக்கவே இல்லை.

"நீதானேடா எட்த்த" என்றாள் நிமிராமல். "அந்தப் பொட்டில ஒரு கண்ண வெச்சிக்கினு அவ்ளோ நேரம் பாத்தியே. எனக்குத்தான் மறந்துபூட்ச்சி. நீ சொல்லு, மூஞ்சி எப்பிடி இருந்துச்சி?"

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நெற்றி சின்னது என்றேன். புருவம் அடர்த்தி, நடுவில் லேசாகச் சேர்ந்திருக்கும் என்றேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டாள். மூக்கைச் சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் சொல்லிக்கொண்டிருப்பது எதிரே அடுப்படியில் நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் மகளின் முகம். அப்படியே நிறுத்திவிட்டேன்.

"அப்பறம்?" என்றாள் அம்மா.