நடக்கைக்குச் சாட்சி

ஐம்பதுகளில் கல்முனைப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடமொன்றில் நான் கணக்கு மாஸ்டர். ஆசிரியர்களில் இரண்டே பேர்தான் முஸ்லிம்கள்: நானும், மருதமுனையிலிருந்து சைக்கிளில் வந்துபோன நெசவு மாஸ்டரும். திங்கட்கிழமைக் காலையில் போதகர் ஆசிரியர்களுக்கு வேதபாடம் நடத்துவார். எங்கள் இருவருக்கும் அது கட்டாயமில்லை. இருந்தும் நான் போய் உட்காருவேன். போதகருக்குக் கிரேக்கம் தெரியும். எனக்கோ அறிவாளி என்று பெயரெடுக்க ஆசை.

ஒரு நாள் பேதுருவின் நிருபத்தை எடுத்தார். தமிழில் ‘நடக்கை’ என்று வருமிடத்தில் கிரேக்கத்தில் ‘அனஸ்ட்ரொஃபே’ என்று இருக்கிறதாம். போவதும் திரும்புவதும், ஆட்களுக்கு நடுவில் நாளும் பொழுதும் புழங்குவதும்தான் அதன் பொருள் என்றார். ஒரு நாள் செய்த நல்லதும் நடக்கை ஆகாது, ஒரு நாள் செய்த கெட்டதும் ஆகாது. ஜன்னலுக்கு வெளியே நெசவு வகுப்புக் கொட்டிலில் நின்ற தறிகளைக் காட்டி, “நூல் நாடா ஒருக்காக் குறுக்கால ஓடினாப் புடவையாகுமா?” என்று கேட்டார். “அதோட, நம்மட நடக்கைக்கு நாம சாட்சி சொல்ல ஏலாது. பார்த்துக்கொண்டிருக்கிற வெளியாள்தான் சாட்சி” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து உம்மாவுக்கும் தங்கச்சிக்கும் அந்தச் சொல்லை விளங்கப்படுத்தினேன்.

நெசவு மாஸ்டரின் நடக்கை எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. நான் காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம், பள்ளி விட்டதும் என் ஊரான சாய்ந்தமருதுவரை சைக்கிள் மிதித்து, என் வகுப்புக் கொப்பிகளைக் கொண்டுவந்து தந்து, திருத்தியதும் கொண்டுபோனவர் அவர். ஒரே ஒரு முறை, காரைதீவில் ஒரு சிநேகிதரின் கலியாணத்தில் கள்ளுக் குடித்துவிட்டு வழியில் வாந்தி எடுத்தார். தலையைப் பிடித்துக்கொண்டவன் நான். “இனி இல்ல மாஸ்டர். ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க” என்றார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் அதைத் தொட்டதில்லை.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழவேண்டும். வீட்டுக்குள்ளே எடுக்கிற மனிதன் என்பதால் துருவித் துருவி விசாரிப்பார்கள். எங்கள் ஊரிலேயே அவருக்கு ஒரு கலியாண இடம் பொருந்தி வந்தது. அவருக்கு அதில் கொள்ளை ஆசை. கூறைப் புடவையைத் தன் கையாலேயே நெய்யத் தொடங்கிவிட்டார். “விசாரிக்க உங்களுட்டத்தான் வருவாங்க மாஸ்டர். எனக்குப் பயமில்ல” என்றார்.

எனக்கும் கலியாணம் பேசவேண்டிய தங்கச்சி இருந்தாள். வாப்பா மௌத்தான பிறகு அந்தப் பொறுப்பு என் தலையில்தான். அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வரவேண்டியவர் என்று மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். வாய் திறந்து கேட்க மட்டும் கர்வம் விடவில்லை.

அஸர் தொழுதுவிட்டுப் பெண்ணின் வாப்பாவும் பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்காரும் வந்தார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, “நீங்க பழகின ஆள். மாப்பிள்ளைட நடப்பு எப்பிடி மாஸ்டர்?” என்று பெண்ணின் வாப்பா கேட்டார்.

“தொழில்ல சுத்தமான ஆள்” என்றேன். பிறகு கொஞ்சம் இழுத்தேன். அந்த இழுவையை நினைத்தால் இப்போதும் என் மேலேயே அருவருப்பு வருகிறது. “கள்ளுக் குடிச்சத ஒருக்கா என்ட கண்ணால கண்டன். பொய் சொல்லப்படாதுதானே.”

மரைக்கார் கோப்பையைக் கீழே வைத்தார். “அது ஒருக்காத்தான், மறுகா மூணு வருஷமா...” என்று நான் தொடங்கும்போதே பெண்ணின் வாப்பா எழும்பிவிட்டார். “போதும் மாஸ்டர். அல்லாஹ் காப்பாத்தினான்.” நானும் அவரை மறித்து இருத்தவில்லை.

பொய் சொல்லவில்லையே என்று பல நாள் என்னை நானே தட்டிக்கொடுத்தேன். ‘நடக்கை’ என்ற சொல்லின் பொருள் தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும் மூன்று வருஷத்தை மறைத்து ஒரு பின்னேரத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த இடம் முறிந்துபோனது. நெசவு மாஸ்டர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தியைப் போலவே சலாம் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன்.

நாலு மாதம் கழித்து, வெட்கங்கெட்டு, தங்கச்சிக்கு அவரைக் கேட்டுவர மாமியை மருதமுனைக்கு அனுப்பினேன். மாமி மத்தியானத்துக்கு முன்பே திரும்பிவிட்டார்.

“மனிசன் மரியாதையாத்தான் கதைச்சார்” என்றார் மாமி. “‘நான் குடிக்கிறவன் எண்டு மாஸ்டரே சொல்லியிரிக்கார். அவர் பொய் சொல்ற ஆளில்ல. அவர்ட தங்கச்சிய அப்பிடி ஒருத்தனுக்குக் குடுக்கப்படாது’ எண்டார்.”

தங்கச்சி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூத்தவன், காக்கா என்று என்னை ஒருநாளும் எதிர்த்துக் கதைத்தவளில்லை.

“காக்கா, அவர் குடிக்கிறவர் எண்டா எனக்கு ஏன் கேட்டீங்க? குடிக்காதவர் எண்டா அவங்களுக்கிட்ட ஏன் அப்பிடிச் சொன்னீங்க?”

உம்மாவும் மாமியும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.