கூப்பிடப் போன என்னை அனுப்பி வைத்தாள்

என் மகள் ஜெனியின் ஐந்தாம் வகுப்பைப் பள்ளியிலிருந்து ஜெப தியானத்துக்காகச் சிறுமலைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். நேற்று கூடப் போன கன்னியாஸ்திரி சிஸ்டரின் போனில் ஒரே அழுகை. "அம்மா, வந்து கூட்டிட்டுப் போயிரு."

இன்று முதல் பஸ்ஸிலேயே கிளம்பினேன். அனுப்பியதே தப்பு என்று மலைப்பாதை முழுக்க என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

அங்கே மாதா கோயிலில் ஊர்ச்சனமெல்லாம் பூசைக்குக் கூடியிருந்தது. பாட்டுக் குழுவின் முன்னால் நின்று தனியாகப் பாடிக்கொண்டிருந்தது ஜெனி! விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறவள். பூசை முடிந்ததும் ஊரே கைதட்டியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வா, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"நான் வரலம்மா. சாயங்காலம் ஊர் விருந்துலயும் என்னையத்தான் பாடச் சொல்லியிருக்காங்க. நீ போ."

மகள் தன்னைத் திருப்பி அனுப்பியதைத் திண்டுக்கல் வரை பஸ்ஸில் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டு வந்த அம்மா நான் மட்டும்தானா? உங்களில் யாராவது உண்டா?